தென்னங்கன்றுக்குப் போன முதல் தண்ணீர்

எங்கள் பல்கலைக்கழகத்தின் கிராம அபிவிருத்திப் பிரிவு சிறப்பு மலர் ஒன்று போடப்போகிறதாம். நான் ஓய்வுபெற்று வந்தபிறகு என் நாற்காலிக்கு வந்த பெண் தொலைபேசியில் கேட்டாள். "மிஸ், கிராம அபிவிருத்தியிலயும் சமூக மாற்றத்திலயும் பல்கலைக்கழகங்களின் பங்கு. இதுதான் தலைப்பு. உங்கட அனுபவத்தை ரெண்டு பக்கத்துக்குள்ள எழுதித் தாங்க. ஊருக்குப் போனப்ப எடுத்த போட்டோ ஒண்டும் வேணும். சிரிச்ச மாதிரி இருந்தா நல்லம்."

சரி என்று சொல்லிவிட்டேன். எழுத உட்கார்ந்தால் இரண்டு பக்கத்தில் அடங்குகிற விஷயமாக இல்லை. சிரித்த போட்டோவும் கிடைக்கவில்லை. மலரில் போடுவதும் போடாததும் அவர்கள் பாடு.

இப்போது மாணவர்கள் ஊர்களுக்குப் போவது குறைந்துவிட்டதாம். கேள்விக்கொத்தைக் கைபேசிக்கு அனுப்பிவிடுகிறார்கள், பதில் வந்து விழுகிறதாம். "நீங்கள்லாம் நேர்ல போன ஆக்கள் மிஸ், உங்கட காலம் வேற" என்று அந்தப் பெண் பெருமூச்சு விட்டாள். நேரில் போய் நாங்கள் என்ன கிழித்தோம் என்று அவளிடம் கேட்கவேண்டும் போல் வாய் துறுதுறுத்தது. எத்தனையோ ஊர்களுக்குப் போனோம், எத்தனையோ திட்டங்கள் போட்டோம். அதில் ஒரே ஒரு ஊரில் நடந்தது மட்டும் இன்றைக்கும் என்னை விடவில்லை. அதைத்தான் எழுதுகிறேன்.

நான் கொழும்பு கொட்டாஞ்சேனையில் பிறந்து வளர்ந்தவள். அப்பாவுக்குப் புறக்கோட்டையில் மிளகாய், பருப்பு மொத்த வியாபாரம். அவருடைய அப்பா தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்தவர். எங்கள் வீட்டில் பல்கலைக்கழகம் போன முதல் ஆள் நான். புவியியல் படித்துவிட்டு அங்கேயே கள உத்தியோகத்தராக ஒட்டிக்கொண்டேன். ஆரம்ப வருடங்களைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. ஊர்களுக்குப் போகும் வான் வண்டியில் வாந்தி எடுக்காமல் உட்காரப் பழகினேன். யாழ்ப்பாணத் தமிழ் பழகினேன். அங்கே ஒருவர் நம்மைப் 'பேசினார்' என்றால் ஏசினார் என்று அர்த்தம் என்பது புரியாமல், "எல்லார்கிட்டயும் நல்லா பேசிட்டு வந்தேன்" என்று நான் சொல்லி, எல்லோரும் என்னைப் பார்த்து முழித்ததும் உண்டு.

எங்கள் பிரிவின் தலைவர் ஒரு பேராசிரியர். 'சேர்' என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம், இங்கேயும் அப்படியே எழுதுகிறேன். வடக்கிலே பிறந்தவர், வெள்ளவத்தையில் கடற்கரைக்கு இறங்கும் ஒரு ஒழுங்கையில் மாடிவீடு. தண்ணீரும் கிராமமும் அவருடைய துறை. அவரிடம் நான் கற்றது கொஞ்சநஞ்சமல்ல, அதை மறைக்கப்போவதில்லை.

கிணற்றுத் தண்ணீரைப் பரிசோதனைக்கு எடுப்பதென்றால் அவர் பக்கத்தில் நின்று பார்ப்பார். போத்தலின் கழுத்தில் கல்லைக் கட்டி, சுத்தமான கயிற்றில் இறக்கி, கிணற்றுச் சுவரில் படாமல் தூக்கவேண்டும். உப்புப் பார்க்கும் போத்தலை அதே தண்ணீரால் அலசிய பிறகு நிரப்பவேண்டும். கிருமி பார்க்கும் போத்தலை அலசவே கூடாது. மூடியைக் கையிலேயே பிடித்திருக்கவேண்டும், நிலத்தில் வைத்தால் போச்சு. குழாய் என்றால் பஞ்சை ஸ்பிரிட்டில் நனைத்துக் கொளுத்திக் குழாயின் வாயைச் சுட்ட பிறகுதான் திறக்கலாம். பிறகு ஐஸ் பெட்டி, பிறகு ஒரே ஓட்டமாக ஆய்வுகூடம். ஒரு மாணவன் மூடியை மண்ணில் வைத்துவிட்டு ஊதி மூடியதைச் சேர் கண்டுவிட்டார். அந்தப் போத்தலை வாங்கி, தண்ணீரைக் கொட்டி, புதுப் போத்தலை அவன் கையில் கொடுத்துவிட்டு நின்றார். அவன் முகம் செத்துப்போயிற்று.

ஊருக்குள் நுழைவதற்கும் அவரிடம் ஒரு முறை இருந்தது. வானைச் சந்தியிலேயே நிறுத்திவிடுவார், உள்ளே நடைதான். வேலிவாசல் படலையடியில் செருப்பைக் கழற்றுவார். கதிரை கொண்டுவந்தால் வேண்டாம் என்று பாயில் சம்மணம் கட்டி உட்காருவார். "நாங்கள் படிப்பிக்க வரேல்லை, படிக்க வந்தனாங்கள்" என்பார். கூட்டத்தில் முதலில் பெண்களைத்தான் கதைக்கவிடுவார். எங்களுக்கு அவர் சொல்லிவைத்த கட்டளை ஒன்று: "குடிக்க ஏதும் தந்தால் மறுக்கப்படாது. அவையின்ர மனம் நோகும்."

அந்தக் கட்டளையை அவரே எப்படிக் காப்பாற்றினார் என்று பார்த்து நான் உருகியிருக்கிறேன். சேருக்குச் சீனி வருத்தம், அதுதான் சர்க்கரை வியாதி. கொழும்பு அலுவலகத்தில் சீனி போடாத வெறுந்தேத்தண்ணிதான். யார் பிறந்தநாள் கேக் நீட்டினாலும் கையெடுத்துக் கும்பிட்டுவிடுவார். அப்படிப்பட்ட மனுஷன், நான் சொல்லப்போகிற இந்த ஊரில் மட்டும், நிறம் போட்ட இனிப்புச் சோடாவைப் போத்தலோடு வாங்கி அடிவரைக்கும் குடிப்பார். ஏழைகள் தருவதை மறுக்கக்கூடாது என்று தன் உடம்பைக்கூடப் பார்க்கவில்லையே என்று எங்கள் வீட்டில்கூடச் சொல்லியிருக்கிறேன். என் புத்தியை என்னவென்பது!

ஊரின் பெயர் வேண்டாம், வடக்கில் ஒரு ஊர். அங்கே இரண்டு குடியிருப்புகள். ஒன்று கோயிலடி, காணியும் கல்வீடும் உள்ளவர்கள். வயல்வெளி தாண்டினால் குளத்தடி, அந்தக் காணிகளில் கூலிக்குப் போகிறவர்கள். சாதி என்ற சொல்லை நான் அந்த ஊரில் யார் வாயிலும் கேட்டதில்லை. "அந்தப் பக்கம்", "இந்தப் பக்கம்" என்றுதான் சொல்வார்கள். கொழும்பில் பிறந்த நான் அதைத் திசை சொல்கிறார்கள் என்றே எடுத்துக்கொண்டேன்.

குளத்தடி மாதர் சங்கத்தின் செயலாளர் சிவமலர். முப்பது வயது மதிக்கலாம். உயர்தரம் வரை படித்தவள், கணவன் போரில் போய்விட்டான், ஒரு மகள். கதை குறைவு, வேலை அதிகம். நாங்கள் போய் உட்கார்ந்தால் உடனே சோடா வரும். அவளே மூடி திறக்கும் வெட்டியை எடுத்துவந்து எங்கள் கண்முன்னால் மூடியை உடைத்துத் தருவாள். எங்கள் சிங்களச் சாரதி, அண்ணன் என்ற அர்த்தத்தில் நாங்கள் 'அய்யே' என்று கூப்பிடும் சுனில் அய்யே மட்டும் பின்பக்கம் குந்தியிருந்து அவர்களோடு தேத்தண்ணி குடிப்பார். எனக்குத் தேத்தண்ணிதான் பிடிக்கும். ஒருநாள் கேட்டும் பார்த்தேன். சிவமலர் சேரைத் திரும்பிப் பார்த்துவிட்டு, "சோடா இருக்கு அக்கா" என்றாள். விருந்தாளிக்கு மரியாதை செய்கிறாளாக்கும் என்று நினைத்துக்கொண்டு குடித்தேன்.

கோயிலடிக் கிணறுகள் வருடா வருடம் உப்பேறிக்கொண்டு வந்தன. குளத்தடியில் ஒரு கிணறு மட்டும் ஓரளவு தாக்குப்பிடித்தது. ஆகவே தண்ணீர் சுத்திகரிக்கும் மெஷின் ஒன்றை அந்தக் கிணற்றடியில் பூட்டுவது, சங்கம் குடத்துக்கு இவ்வளவு என்று காசு வாங்கி அதை நடத்துவது, இரண்டு பக்கத்தாரும் அங்கே வந்து தண்ணீர் எடுப்பது என்று சேர் திட்டம் போட்டார். "ஒரே வரிசையிலை நிண்டு ஒரே குழாயிலை தண்ணி அள்ளினால், அதுக்குப் பிறகு என்ன பக்கம் இருக்கு?" என்று விரிவுரை மண்டபத்தில் அவர் கேட்டபோது மாணவர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். நானும் தட்டினேன். மெஷினுக்குப் பணம் தந்தவர்கள் ஒரு நிபந்தனை வைத்தார்கள்: இரண்டு பக்கமும் பயன்படுத்தவேண்டும், இல்லாவிட்டால் ஆள் கூடிய இடத்துக்கு மெஷினை மாற்றவேண்டும். மாற்றுவதா விடுவதா என்பது சேர் எழுதும் அறிக்கையைப் பொறுத்தது.

சங்கத்துப் பெண்கள் அந்த மெஷினை நம்பிக் கோயிலடிக் காணிகளுக்குக் கூலி போவதை நிறுத்தினார்கள். சிவமலர் ஒவ்வொரு குழாயையும் பெயர் சொல்லிக் கழற்றிப் பூட்டப் பழகினாள். "அக்கா, என்ர மகள் இனி மற்றாக்களின்ர தோட்டத்திலை வெங்காயம் கிண்டமாட்டாள்" என்று என்னிடம் ஒருநாள் சொன்னாள். அவள் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

திறப்பு விழா காலையில். வாழை கட்டி, பந்தல் போட்டு, மாணவர்கள் எல்லோரும் வந்திருந்தார்கள். கோயிலடியிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். ஆனால் பந்தலுக்குள் வரவில்லை, வேலிக்கு வெளியே வரிசையாக நின்றார்கள். வெட்கப்படுகிறார்கள் என்று நினைத்துக் கூப்பிடப் போனேன். ஒரு பெரியவர், "இல்லைப் பிள்ளை, இதிலை நிண்டு பாப்பம்" என்றார். எதைப் பார்க்க நிற்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது. சேருக்குத் தெரிந்திருக்கிறது.

சிவமலர் பித்தளைத் தட்டில் ஒரு கிளாஸ் வைத்து, குழாயைத் திறந்து முதல் தண்ணீரைப் பிடித்தாள். பளிங்கு மாதிரித் தண்ணீர். தட்டோடு சேரிடம் நீட்டினாள். வேலிக்கு வெளியே நின்றவர்கள் அவர் முகத்தைப் பார்க்கவில்லை, கையைத்தான் பார்த்தார்கள். சேர் கிளாஸை எடுத்தார். உயரத் தூக்கிக் காட்டினார். "இந்த முதல் தண்ணி எனக்கில்லை. மண்ணுக்கு, மரத்துக்கு!" என்று சொல்லிக்கொண்டு, விழாவுக்காக நட்டிருந்த தென்னங்கன்றுக்கு மெதுவாக ஊற்றினார்.

மாணவர்கள் கைதட்டி ஓய்ந்தபாடில்லை. ஒரு பெண் பிள்ளை கண்ணைத் துடைத்தாள். எனக்கும் புல்லரித்தது, பொய் சொல்வானேன். அப்போதுதான் கவனித்தேன், குளத்தடிப் பெண்கள் ஒருத்தியும் கைதட்டவில்லை. வேலிக்கு வெளியே நின்ற பெரியவர் பக்கத்தில் நின்றவரிடம் ஏதோ சொன்னார். பிறகு அந்த வரிசை அப்படியே திரும்பி, வந்த வழியே நடக்கத் தொடங்கியது. சிவமலர் வெறும் தட்டோடு நின்றாள். சங்கத்துப் பிள்ளை ஒருத்தி ஓடிப்போய்ச் சோடாவைக் கொண்டுவந்து மூடியை உடைத்தாள். சேர் அதை வாங்கிக் குடித்தார்.

சிவமலரை ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போய்க் கேட்டேன்.

"என்னடி நடக்குது இங்க? எல்லாரும் ஏன் போறாங்க?"

"சேர் குடிக்கிறாரோ எண்டு பாக்க வந்தவை அக்கா. குடிக்கேல்லை. போகினம்."

"மரத்துக்கு ஊத்தினாரே!"

"ஓம். மரத்துக்குத்தானே ஊத்தினவர்" என்றாள். பிறகு என் முகத்தைப் பார்த்து அவளுக்கே பாவமாகப் போயிருக்க வேண்டும். "அக்கா, உங்களுக்கு மெய்யாவே தெரியாதே? மூடி உடைக்காத போத்தில் எண்டால் எங்கட கை படாதது. அதாலைதான் கோயிலடி ஆக்கள் எங்கட வீடுகளிலை சோடா மட்டும் குடிப்பினம். செத்தவீடு, கலியாணம் எல்லாத்துக்கும் அதுதான்."

"நாங்க வர்றப்ப எல்லாம் நீங்கதானே சோடா வாங்கி வைக்கிறீங்க?"

"நாங்களோ? நல்லாயிருக்கு! உங்கட வான் வரமுன்னமே பெட்டி வந்து இறங்கும். இறங்கேக்கையே எங்களுக்கு விளங்கிப்போம்."

கோபமா, அவமானமா, என்ன எழவு என்றே தெரியவில்லை. நேரே குழாயடிக்குப் போய், அந்தக் கிளாஸை எடுத்து நிரப்பி, எல்லோரும் பார்க்க மடமடவென்று குடித்தேன். இன்னொன்றும் குடித்தேன். வேலியருகே கடைசியாக நின்ற இரண்டு பெண்கள் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார்கள். சிவமலர் என் தோளில் கை வைத்தாள். "விடுங்கோ அக்கா. நீங்கள் கொழும்பு. இந்தியாப் பக்கத்து ஆக்கள். நீங்கள் குடிக்கிறது அவைக்குக் கணக்கிலை இல்லை." இருபது வருடத்துக்கு மேல் சேவையில் இருந்தவள் நான். அந்த ஊரில் என் தொண்டைக்குள் போகும் தண்ணீருக்கு ஒரு மதிப்பும் இல்லை என்பதை அன்றைக்குத்தான் கேட்டேன்.

திரும்பி வரும்போது மாணவர்கள் பஸ்ஸில். வானில் சேர், நான், சுனில் அய்யே. அநுராதபுரம் தாண்டும்வரை பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். பிறகு முடியவில்லை.

"ஏன் சேர் குடிக்கல?"

"மரத்துக்கு ஊத்தினது நல்ல அடையாளம்தானே மீனா? பெடியள் எவ்வளவு சந்தோசப்பட்டவை."

"அந்தச் சோடா எங்கேர்ந்து சேர் வருது?"

முன்னாலிருந்து சுனில் அய்யே தன் உடைந்த தமிழில், "சேர் சொல்றது, நான் போன் பண்றது மிஸ், கடை ஆள் முன்னாலே கொண்டுபோய் இறக்குறது. டவுன் கடை. எப்பவும்தானே?" என்றார். பாவம், அவருக்கு இதில் மறைக்க என்ன இருக்கிறதென்று தெரியாது.

சேர் கொஞ்சமும் பதறவில்லை, அதுதான் இன்னும் அதிர்ச்சி. பாடம் சொல்லும் அதே நிதானத்தோடு கதைத்தார். "உமக்கு இது விளங்காது மீனா, நீர் கொழும்பிலை வளர்ந்தனீர். நான் அங்கை குடிச்சிருந்தால் கோயிலடிச் சனம் என்னையும் தள்ளிவைச்சிடும். பிறகு அவைக்கு ஆர் எடுத்துச் சொல்லுறது? மாற்றம் ஆறுதலாத்தான் வரும். என்ர மனசிலை ஒண்டும் இல்லை, சத்தியமா இல்லை. எல்லாம் அவையின்ர கண்ணுக்காக. இதே தண்ணியைக் கொழும்பிலை கொண்டுவந்து தரட்டும், நான் கண்ணை மூடிக்கொண்டு குடிப்பன்."

அவர் பொய் சொல்வதாக எனக்குத் தோன்றவில்லை. கொழும்பு வரும்வரை வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன்.

அதன்பிறகு நடந்தது எதிர்பார்த்ததுதான். கோயிலடியிலிருந்து ஒரு குடம்கூட வரவில்லை. உப்புத் தண்ணீரைக் குடித்தார்கள், வசதியுள்ளவர்கள் டவுனில் வாங்கினார்கள். குளத்தடிக்கு மட்டும் அவ்வளவு பெரிய மெஷின் எதற்கு என்று பேச்சு வந்தது. கோயிலடிக்காரர் தங்கள் பக்கத்தில் இடம் தருவதாகச் சேருக்குச் சொல்லி அனுப்பினார்கள். ஒரு நாள் சேர் என்னைக் கூப்பிட்டு, "மெஷினை மாத்தச் சொல்லி எழுதத்தான் வேணும்போலை கிடக்கு, மீனா" என்றார். நான் அறையை விட்டு வெளியே வந்தவுடன் சிவமலருக்குத் தொலைபேசி எடுத்தேன். "நான் வாறன் அக்கா. சேரோடை ஒருக்காக் கதைக்கவேணும்" என்றாள்.

சனிக்கிழமை காலை யாழ்ப்பாண பஸ்ஸில் கொட்டாஞ்சேனையில் வந்து இறங்கினாள். எங்கள் வீட்டில் குளித்து, இடியப்பமும் சொதியும் சாப்பிட்டாள். "சோடாப் பெட்டி இனி இறக்க விடுறேல்லை எண்டு சங்கத்திலை முடிவெடுத்திட்டம் அக்கா. வாறவை தண்ணி குடிக்கட்டும், இல்லாட்டி விடாயோடை போகட்டும்" என்றாள். பிறகு பையிலிருந்து ஒரு பெரிய போத்தலை எடுத்தாள். "மெஷின் தண்ணி. உங்களுக்கெண்டு கொண்டுவந்தனான்."

அதைப் பார்த்ததும் எனக்குச் சேர் வானில் சொன்னது ஞாபகம் வந்தது. அப்படியே சொன்னேன்.

"கொழும்பிலை தந்தால் கண்ணை மூடிக்கொண்டு குடிப்பன் எண்டவரோ? இதே சொல்லோ?"

"இதே சொல்லு."

அவள் போத்தலைத் திரும்பப் பைக்குள் வைத்தாள். "குறை நினையாதேங்கோ. உங்களுக்குப் பிறகு தாறன்" என்றாள்.

வெள்ளவத்தைக்குப் பஸ்ஸில் போனோம். சேரின் மனைவி கோயிலுக்குப் போயிருந்தார். சேரே கதவைத் திறந்தார். சிவமலரைக் கண்டதும் முகம் மலர்ந்து, "வாரும் தங்கச்சி, வாரும்! என்ன வெளியிலை நிக்கிறீர்?" என்று அழைத்துப்போய் சோபாவில் உட்காரவைத்தார். நாங்கள் தடுக்கத் தடுக்கக் கேட்காமல் குசினிக்குப் போய்த் தானே தேத்தண்ணி போட்டுக்கொண்டு வந்தார். அதுவும் கண்ணாடி அலுமாரியில் இருந்த நல்ல கோப்பைகளில். சிவமலரின் கையில் தன் கையாலேயே கொடுத்தார். "பாரும், என்ர வீட்டிலை ஒரு வித்தியாசமும் இல்லை" என்றார். உண்மையாகவே இல்லை. எத்தனை பேராசிரியர்கள் வீட்டில் இப்படி நடக்கும் என்று நானே நினைத்தேன்.

சிவமலர் மெஷினை மாற்றவேண்டாம் என்று கேட்டாள். கெஞ்சவில்லை, கேட்டாள். பெண்கள் கூலிக்குப் போவதை விட்டதைச் சொன்னாள், திரும்பிப் போனால் கோயிலடியில் என்ன பேச்சுக் கேட்கவேண்டி வரும் என்று சொன்னாள். சேர் எல்லாவற்றையும் தலையாட்டிக் கேட்டார். பிறகு மனவருத்தத்தோடு, "எனக்கு விளங்காமலில்லைத் தங்கச்சி. ஆனால் சனம் குடிக்கேல்லையே. குடிக்காத இடத்திலை மெஷின் இருக்கலாம் எண்டு நான் என்னெண்டு எழுதுறது?" என்றார்.

சிவமலர் தேத்தண்ணியை ஒரு சொட்டும் விடாமல் குடித்து முடித்தாள். கோப்பையைத் தட்டில் வைத்தாள்.

"உங்கட தேத்தண்ணி நல்லாயிருக்கு சேர். இனி எங்கட தண்ணி" என்றாள். மேசையில் கவிழ்த்து வைத்திருந்த கிளாஸ்களில் ஒன்றை நிமிர்த்தி, பையிலிருந்த போத்தலைத் திறந்து அதில் ஊற்றினாள். சேருக்கு முன்னால் தள்ளிவைத்தாள். "குளத்தடித் தண்ணி. என்ர கையாலை பிடிச்சது. இங்கை கோயிலடி ஆக்கள் ஒருத்தரும் இல்லை. குடியுங்கோ."

சேர் என்னைப் பார்த்தார். நான் சொல்லிவிட்டேன் என்று அவருக்குப் புரிந்தது. கோபிப்பார் என்று பயந்தேன். அவரோ சிரித்தார். "இதென்ன பெரிய விசயம், தாரும்" என்று கிளாஸை எடுத்தார். நல்ல மனதோடுதான் எடுத்தார், நான் கண்ணால் கண்டேன். வாய்வரைக்கும் கொண்டுபோனார்.

கிளாஸ் அங்கேயே நின்றது.

கடற்கரைப் பக்கம் ரயில் போனது, ஜன்னல் கண்ணாடிகள் அதிர்ந்தன. கிளாஸைச் சற்றுக் கீழே இறக்கினார், மறுபடி உயர்த்தினார். உதட்டில் தண்ணீர் பட்டது. உடனே முகம் சுருங்கி, ஓங்காளம் வந்தவர் போல் தலை பின்னுக்குப் போயிற்று. தண்ணீர் சட்டையிலும் மேசையிலும் சிந்தியது. கிளாஸை மேசையில் வைத்தார். அவர் முகத்தைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது. எங்கள் இரண்டு பேரையும்விட அவர்தான் அதிகம் அதிர்ந்துபோயிருந்தார்.

"ஏலுதில்லை" என்றார். "மீனா, எனக்கு ஏலுதில்லை."

"சேர்..."

"இவ்வளவு காலமும் அவையின்ர கண்ணுக்காகத்தான் எண்டு நினைச்சுக்கொண்டிருந்தனான். மெய்யா அப்பிடித்தான் நினைச்சனான். கடவுளே, எனக்கே தெரியாது."

எனக்கு அழுகை வந்தது. அந்த மனிதருக்காகவா, சிவமலருக்காகவா, என்னுடைய இத்தனை வருட உத்தியோகத்துக்காகவா, யாருக்குத் தெரியும். சிவமலர் அழவில்லை, ஏசவும் இல்லை. சேலைத் தலைப்பால் மேசையில் சிந்திய தண்ணீரைத் துடைத்தாள். பிறகு அந்தக் கிளாஸை எடுத்துத் தானே குடித்தாள்.

"சேர், மெஷினை மாத்துங்கோ. நாங்கள் மறிக்கேல்லை. ஆனால் அறிக்கையிலை சனம் குடிக்கேல்லை எண்டு எழுதாதேங்கோ. நான் குடிக்கேல்லை எண்டு எழுதுங்கோ. அந்த ஒரு வரி எழுதி, உங்கட கையெழுத்தை வையுங்கோ. நாங்களே மெஷினைக் கழட்டி லொறியிலை ஏத்தி விடுறம்."

சேர் தலை நிமிரவில்லை. நாங்கள் எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டு கதவைச் சாத்திவிட்டு வந்தோம்.

அந்த அறிக்கை வரவேயில்லை. நானும் கேட்கவில்லை, அவரும் அதைப் பற்றி என்னோடு கதைக்கவில்லை. முதலில் அவர் ஓய்வுபெற்றார், பிறகு நான். மெஷின் இன்றைக்கும் குளத்தடியில்தான் ஓடுகிறது. சீல் வைத்த கேன்களில் டவுன் கடைகளுக்குத் தண்ணீர் போகிறது, கோயிலடிக்காரர் அங்கே வாங்கிக் குடிக்கிறார்கள். குளத்தடியில் மெஷினை நிலைநிறுத்தியது பல்கலைக்கழகம் என்று மலரில் யாராவது எழுதினால் அது பொய் என்றும் சொல்லமுடியாது. அந்த ஒரு வரியை எழுதுவதைவிட, மெஷினை அங்கேயே விட்டுவிடுவது சேருக்குச் சுலபமாக இருந்திருக்கிறது.